பாதி ட்யூப்

அத்தியாயம் பதினொன்று

"கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். சட்டையை எடுக்காதீங்க, நான் இன்னும் பாத்து முடிக்கல."

படுக்கையறை ஜன்னலோரம் வாத்தியார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். போலீஸிடம் மாட்டிக்கொண்டவன் நிற்பது போலத்தான் இருந்தது. வாத்தியாரம்மா அவருடைய முழங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன தடவை சட்டைப் பொத்தான் அளவு இருந்துச்சு. இப்ப உள்ளங்கை அளவு. முதுகைச் சொல்லவே வேணாம், உலக வரைபடம்."

"நம்ம ஊரு எங்க இருக்குன்னு பாரு" என்றார் வாத்தியார்.

"சிரிக்காதீங்க, எனக்கு எரியுது. ஒரு நாள் விடாம தடவுறீங்க. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம ட்யூபைத் தீக்குறீங்க. குப்பைக்கூடையில நான் பாக்குறேன்ல, சப்பையா நசுங்கிக் கிடக்கு. அப்படித் தடவியும் இந்த லட்சணம்னா அதுக்குள்ள இருக்கிறது மருந்தா, மெழுகா? இன்னிக்கு நானும் வரேன். அரை நாள் லீவு சொல்லியாச்சு. அந்த டாக்டரம்மாவை நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

வாத்தியாரின் கைகள் தாமாகவே கீழே இறங்கின.

"நீ எதுக்கும்மா? நான் போய்க் காட்டிட்டு வந்துடுவேன்."

"காட்டுவீங்க. பேச மாட்டீங்க. எப்படி இருக்குன்னு கேட்டா பரவாயில்லம்பீங்க. பரவாயில்லன்னு சொல்ற ஆளுக்கு எந்த டாக்டர் மருந்தை மாத்துவாங்க?"

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பது அவர் மனைவி. வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது அவள் வேலை. ஆனால் குடியிருப்பு முழுக்க அவரைத்தான் வாத்தியார் என்கிறது, அவளுக்கு அந்த வகையில் வாத்தியாரம்மா என்ற பட்டம். "நான் பள்ளிக்கூடத்துல தேயறேன், பேர் உங்களுக்கு" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

அவருக்கு சொரியாசிஸ் வந்தது மகள் சிட்டுவுக்குப் பால்பல் விழுந்த வயதில். முழங்கையில் தொடங்கி, தலைக்குப் போய், நகத்துக்குப் போய், இப்போது முதுகில் குடித்தனம் பண்ணுகிறது. அது ஒட்டும் நோய் இல்லை. தீரும் நோயும் இல்லை. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். அதற்குத்தான் களிம்பு.

அந்தக் களிம்பு என்ன ஆகிறது என்பது இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் சிட்டு காரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, முன்முடியை விலக்கி, நெற்றி ஓரத்தையும் கண்ணிமையையும் காட்டினாள். அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். கண்ணாடியில் தினமும் பார்க்கிற சிவப்பு அல்லவா அது! "அம்மாவுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவர் பண்ணினார். அன்றிலிருந்து அவர் ட்யூபில் பாதி அவளுக்கு. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கொடுக்க மாட்டார்கள், அவர் பேருக்கு எழுதுவதோ ஒரு ஆளுக்கான அளவு. பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் தெளிப்பது போல ஒரு நாள் முழங்கைக்கு, ஒரு நாள் தலைக்கு என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். காலி ட்யூபை மட்டும் ஒழுங்காக நசுக்கிக் குப்பையில் போடுவார். அதைப் பார்த்துத்தான் வாத்தியாரம்மா ஏமாந்தாள்.

"நல்லவேளை, சிட்டுவுக்கு என் தோல்" என்று சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள் அவள். "உங்க வீட்டுத் தோல் வந்திருந்தா அவ பொழப்பு என்ன ஆயிருக்கும்? ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிப்பேன். வண்டியோட வந்துடுங்க."

*

காலைப் பாடத்துக்கு வந்தவர் பூக்கடைக்காரர். நல்ல மனுஷர். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் மட்டும் கை நடுங்கும்.

"வாத்தியாரே, தப்பா நினைக்காதீங்க. எங்க சித்தப்பாவுக்கும் இதேதான். ஏதோ எண்ணெய் தடவினாரு, ஒரே மாசத்துல ஓடிப்போச்சு."

"சித்தப்பாவா?"

"சேச்சே, படை!"

"முன்னாடி பாருங்க. சைக்கிள் வருது."

பாடம் முடிந்து அவர் இறங்கிப் போனதும் வாத்தியார் கதவுப் பையிலிருந்து சின்ன பிரஷை எடுத்துத் தன் சீட்டைத் துடைத்தார். கறுப்பு சீட்டு வாங்கியது முட்டாள்தனம். முதுகிலிருந்து உதிர்வதெல்லாம் உப்பைத் தூவியது போல அதில் தெரியும். அடுத்த ஆள் ஏறுவதற்குள் துடைத்தாக வேண்டும். இப்போதெல்லாம் ஒரு பாடத்துக்கு இரண்டு தடவை துடைக்க வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு இடைவேளையில் பெரிய கடையின் பின்வாசலில் வண்டியை நிறுத்தினார். சரக்கு இறக்குகிற கதவு வழியாக சிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். அவள் வேலை முகப்பூச்சுப் பிரிவில். புது க்ரீம், புது நிறம் எது வந்தாலும் தன் முகத்தில் போட்டு, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். முகம்தான் அவள் கடை. முன்பு அந்த இடத்தில் நின்ற பெண்ணுக்குக் கன்னத்தில் பரு வந்தது. மறுநாளே கிடங்கில் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள்.

"கொண்டு வந்தீங்களா?"

அவர் ட்யூபை நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தாள். கடையில் மாதிரிக்குக் கொடுக்கிற டப்பா, மூடியில் தங்கக் கோடு போட்டது. அதற்குள் களிம்பைப் பிதுக்கினாள். மற்ற க்ரீம்களோடு அதுவும் ஒன்றாக இருந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவள் கணக்கு. இரண்டு பேருக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. எதை எங்கே தடவக்கூடாது என்று ட்யூபின் மேல் அச்சடித்திருந்தது ட்யூபோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எரியுதாம்மா?"

"எரியும். ஆனா கேக்குது. ஒரு நாள் விட்டாத்தான் தீ மாதிரி வந்துடுது. அதனால ரெண்டு வேளையும் போட்டுக்கறேன்." கண்ணாடியைச் சாய்த்து இமையைப் பார்த்துக்கொண்டாள். "தலைதான் வலிக்குது. கடை விளக்கெல்லாம் சுத்தி வளையம் வளையமா தெரியுது, கலர் கலரா. நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான்."

"தூங்கு நல்லா" என்றார் வாத்தியார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு டாக்டர்கிட்ட உங்கம்மாவும் வரா."

டப்பாவை மூடிய கை நின்றது.

"எதுக்கு?"

"எனக்குக் குணமாகலையாம். சண்டை போட வரா."

"அப்பா. சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"டாக்டர் துருவித் துருவிக் கேப்பாங்க."

"கேக்கட்டும். நான்தான் பரவாயில்லன்னு சொல்ற ஆளாச்சே."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது பூச்சுக்கு அடியில் கன்னத்தின் மெல்லிய ரத்தக்கோடுகள் தெரிந்தன. அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

*

தோல் டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு நர்ஸ் உட்கார்ந்து எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன மாசத்துல எத்தனை நாள் மருந்து விட்டுப்போச்சு?"

"ஒரு நாள் கூட இல்ல" என்றாள் வாத்தியாரம்மா.

"அவரு சொல்லட்டும்மா."

"அவரு சொன்னாலும் அதுதான்."

நர்ஸ் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

"வைத்தியம் உங்களுக்குத் திருப்தியா இருக்கா? சைபர்லேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"எட்டு."

"எட்டா!" வாத்தியாரம்மா நாற்காலியிலேயே திரும்பிவிட்டாள். "முதுகைத் திருப்பிக் காட்டுங்க, எங்க எழுதியிருக்கு எட்டுன்னு பாப்போம். சைபர் போடும்மா நீ."

"நோயாளி சொல்றதைத்தான் போடணும்."

"அப்ப நோயாளியோட குடித்தனம் பண்றவ சொல்றதை எங்க போடுவீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்த எட்டு பொய்யில்லை. காலையில் சிட்டு பளிச்சென்று வேலைக்குக் கிளம்பிப் போகிறாளே, அதைப் பார்க்கும்போது அவருக்குக் கிடைப்பது எட்டுக்குக் குறையாது. தன் முதுகுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். விளக்கைத் தாழ்த்திப் பிடித்து முழங்கை, தலை, முதுகு, நகம் எல்லாம் பார்த்தார். விளக்கை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"இது இந்நேரம் அடங்கியிருக்கணும்."

"அதைத்தான் டாக்டர் நானும் கேக்கறேன்." வாத்தியாரம்மா இந்தத் தருணத்துக்காகத்தான் அரை நாள் லீவு போட்டிருந்தாள். "ஒரு வேளை தவறினதில்ல. நான் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கறேன். ட்யூப் தீந்து தீந்து போகுது, படை மட்டும் தீரல."

"ஒழுங்காப் போட்டும் கேக்கலைன்னா களிம்புல இனிமே பிரயோஜனம் இல்ல. மாத்திரைக்குப் போகணும். வாரத்துக்கு ஒரு தடவை. ஈரலுக்குக் கஷ்டம் கொடுக்கிற மாத்திரை. அடிக்கடி ரத்தம் பாக்கணும்."

"இவரு மஞ்சள்காமாலையில படுத்து எழுந்தவரு டாக்டர்."

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்." டாக்டர் வாத்தியாரைப் பார்த்தார். "சார், நான் திட்ட மாட்டேன். பாதிப் பேர் போடறதில்ல. பிசுபிசுக்குது, துணியில ஒட்டுது, வெறுத்துப்போகுது. நீங்க விட்டுட்டீங்கன்னா அது வேற கதை, மாத்திரை வேணாம், திரும்ப ஒழுங்கா ஆரம்பிக்கலாம். தினமும் போட்டீங்களா, இல்லையா?"



"போட்டாரு. நான் சாட்சி" என்றாள் வாத்தியாரம்மா.

அவள் குரலில் அத்தனை நிச்சயம். அவளை அப்படி சாட்சி சொல்ல வைத்தது தான்தான் என்று நினைத்து வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஈரல் தன்னுடையது. சத்தியம் மகளுக்குக் கொடுத்தது.

"போட்டேன் டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தார். மாத்திரையை எந்தக் கிழமை போடுவது என்று வாத்தியாரம்மா விசாரித்தாள். வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தப்பித்தோம் என்று தோன்றியது. அந்தத் தெம்பில்தான், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போல, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒரு சந்தேகம் டாக்டர். தெரிஞ்சவங்க ஒருத்தர்... இந்தக் களிம்பை முகத்துல போடறாங்க. எரியுதாம். அது ஒண்ணும் பண்ணாதே?"

பேனா நின்றது.

"முகத்துல எங்க?"

"நெத்தி ஓரம். கண்ணிமையில கொஞ்சம்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு... ஆறேழு மாசமா."

"சார், இது முழங்கைத் தோலுக்கான மருந்து. இமை மேல ஆறேழு மாசம் போட்டா மருந்து கண்ணுக்குள்ள இறங்கும். கண்ணுல அழுத்தம் ஏறும். நரம்பு செத்துக்கிட்டே வரும், அவங்களுக்கே தெரியாது." டாக்டர் முன்னால் சாய்ந்தார். "தலைவலின்னு சொன்னாங்களா? விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு சொன்னாங்களா?"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருங்க அது?" என்றாள் வாத்தியாரம்மா. "உங்ககிட்ட வண்டி கத்துக்கிறவங்களா? போன் நம்பர் இருந்தா உடனே கூப்பிட்டுச் சொல்லுங்க, பாவம்."

பாவம் என்று அவள் சொன்ன அந்தச் சொல்தான் அவரை உடைத்தது.

"நம்ம சிட்டு" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "சிட்டுவா? சிட்டுவுக்குத் தெரிஞ்சவங்களா?"

"சிட்டுதான். அவளுக்கும் வந்திருக்கு. என் ட்யூப்ல பாதி அவளுக்குத்தான் போச்சு."

"இல்லையே" என்றாள் வாத்தியாரம்மா மெதுவாக. "அவளுக்கு என் தோலாச்சே..."

பாதியில் நிறுத்திவிட்டாள்.  டாக்டர் தான் எழுதிய சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, போனை எடுத்துக் கண் ஆஸ்பத்திரியில் யாரிடமோ பேசினார். "இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார்.

சிட்டுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது கடை விதி.

*

பெரிய கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வாத்தியாரம்மா முன்னால் போனாள். வாத்தியார் பின்னால் போனார். சிட்டு ஒரு பெண்மணியின் கன்னத்தில் நிறம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைச் சுற்றி வரிசையாக விளக்கு. அத்தனை வெளிச்சத்தில் மகளின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் வாத்தியாரம்மா பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

"அம்மா! நீ எங்க இங்க?"

 சிட்டுவின் பார்வை அம்மாவின் தோளுக்கு மேலே போய் அப்பாவிடம் நின்றது. வாத்தியார் தரையைப் பார்த்தார். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"வா, போகலாம்" என்றாள் வாத்தியாரம்மா.

"வேலை நேரம்மா."

"என்ன விஷயம்?" மேற்பார்வையாளர் அம்மாள் வந்துவிட்டாள். உயரமானவள், குதிகால் சத்தம் முன்னால் வர, ஆள் பின்னால் வருவாள். "இங்க நின்னு பேசக்கூடாதுங்க. கஸ்டமர் இருக்காங்க."

வாத்தியாரம்மா வாயைத் திறந்தாள். போட்டு உடைக்கப்போகிறாள் என்று வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். 

வாத்தியாரம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தலை சுத்துது" என்றாள். "அய்யோ, கண்ணு இருட்டுது. சிட்டு, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா."

பிள்ளைகளின் பொய் வயிற்றுவலியைப் போனிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். நடிப்பு அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, பேருந்துக்குக் காத்திருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த வயதுக்காரி பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? மேற்பார்வையாளர் அம்மாளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "போ, போ, அம்மாவைப் பாரு" என்று சிட்டுவை அனுப்பிவைத்தாள்.

*

காரில் வாத்தியாரம்மா முன்னால் உட்கார்ந்தாள். கற்றுக்கொடுக்கிற வண்டி என்பதால் அந்தப் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. சிட்டு பின்னால்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றாள் வாத்தியாரம்மா, முன்னால் சாலையைப் பார்த்தபடி. "ரெண்டு பேரும் சேந்து எனக்குத் தெரியக்கூடாதுன்னு முடிவு பண்ணீங்களே. நான் அப்படி என்ன செஞ்சேன்?"

வாத்தியார் வண்டியை ஓட்டினார். பின்னாலிருந்து பதில் வந்தது.

"குளியலறையில நம்ம துண்டெல்லாம் கம்பியில தொங்குதும்மா. அப்பா துண்டு மட்டும் கதவுக்குப் பின்னாடி தனி ஆணியில தொங்குது."

"அது... அது ஒட்டாதுன்னு எனக்குத் தெரியுமே. ஆரம்பத்துல தெரியாம அடிச்சது."

"தெரிஞ்ச பிறகும் ஆணி அங்கயேதான் இருக்கு. எனக்கும் ஒண்ணு அடிப்பியோன்னு பயந்துட்டேன்."

கார் நடுச்சாலையில் சடாரென்று நின்றது. வாத்தியார் எதையும் தொடவில்லை. வாத்தியாரம்மாவின் கால் அவள் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வண்டியெல்லாம் அலறின.

"காலை எடும்மா" என்றார் வாத்தியார் தாழ்ந்த குரலில்.

"நீங்க ஏன் ஒரு நாளும் கேக்கல?"

"எதை?"

"ஆணியை."

"காலை எடும்மா. பின்னாடி வண்டி நிக்குது."

அவள் எடுத்தாள். வண்டி கண் ஆஸ்பத்திரியை நோக்கிப் போனது. ஏன் கேட்கவில்லை என்று வாத்தியாரும் யோசித்துப் பார்த்தார். துண்டு எங்கே தொங்கினால் என்ன என்றுதான் இருந்தார் இத்தனை வருஷமும். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை வளர்ந்தது அவருக்கு உறைக்கவேயில்லை.

*

கண் டாக்டர் முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். சிட்டு கழுவிவிட்டு வந்து நின்றாள். வாத்தியார் கூட அவளை வெறும் முகத்தோடு பார்த்து வெகு நாளாகிவிட்டது. இமை இரண்டும் வெங்காயத்தோல் போல மெலிந்து சிவந்திருந்தன. கன்னத்தில் வலை பின்னியது போல ரத்தக்கோடுகள். வாத்தியாரம்மா ஒரு கையை நீட்டினாள். தொட்டால் வலிக்குமோ என்று பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

சோதனை முடிய நேரமானது. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை.

"ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் ஏறியிருக்கு. வலது கண்ணுல நரம்பு கொஞ்சம் போயிருக்கு, ஓரப் பார்வை குறைஞ்சிருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து தரேன், ஒரு வேளை தவறக்கூடாது. அந்தக் களிம்பு இனிமே முகத்துக்குக் கிட்ட வரக்கூடாது."

"நிறுத்தினா முகம்?" என்றாள் சிட்டு.

"அதைத் தோல் டாக்டர்கிட்ட பேசிட்டேன். வேற மருந்து ஆரம்பிப்பாங்க. ஆனா மொதல்ல சில வாரம் எல்லாம் கிளம்பும். இப்ப இருக்கிறதை விட அதிகமா. அது மேல பூச்சு எதுவும் போடக்கூடாது."

சில வாரம் என்பதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

சொட்டு மருந்து வாங்க வாத்தியாரம்மா போனாள். நடைபாதை பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"சொல்ல மாட்டேன்னீங்க" என்றாள் சிட்டு.

"ஆமா."

"மாத்திரை சாப்பிட்டாக் கூடப் பரவாயில்லன்னு பொய் சொன்னீங்களாம். உள்ள காத்திருந்தப்ப அம்மா சொன்னா. அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உன் கண்ணும்மா."

"தெரியுது." அவள் குனிந்து விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா இனிமே உங்ககிட்ட எதைச் சொல்லுவேன்னு தெரியலப்பா."

அவருக்கு அழக்கூடத் தோன்றவில்லை. முதுகு அரித்தது. சொறிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து காரில் ஏறும்போது சாலை விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. சிட்டு அவற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். சொட்டு மருந்தில் கண் இரண்டும் நீராக வடிந்தன. அவள் போன் அடித்தது. கடையிலிருந்து. எடுத்துக் காதில் வைத்தாள். வண்டிக்குள் இருந்த அமைதியில் அந்தப் பக்கத்துக் குரல் மூன்று பேருக்கும் கேட்டது.

"அம்மா எப்படி இருக்காங்கம்மா? பயந்தே போயிட்டேன். பாரு, கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு, ஆனா நாளைக்குப் புதுசா வந்ததைக் காட்டறோம். உன் முகத்துலதான் போட்டுக் காட்டறதா மேல சொல்லி வச்சிருக்கேன். வந்துடுவியா?"

வாத்தியாரம்மா திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். "எனக்கு இன்னும் முடியலன்னு சொல்லு. ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சொல்லு. நான் எத்தனை நாள் வேணாலும் படுத்துக்கறேன்."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். இத்தனை மாதமாக எந்த முகத்துக்குப் பயந்து ஒளிந்தாளோ அந்த முகம், கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக, அவளுக்காக இன்னொரு பொய் சொல்லத் தயாராக இருந்தது.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் சிட்டு.

"அப்பாடா. அப்ப காலையில..."

"எனக்குத்தான் மேடம்."

"உனக்கா? உனக்கு என்ன?"

வாத்தியார் சாவியைத் திருகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரம்மாவின் கை போனை நோக்கி எழுந்தது, பறித்து அணைத்துவிடுவது போல. பாதி தூரத்தில் நின்றது.

"சொரியாசிஸ்" என்றாள் சிட்டு. "எங்க அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கு. முகத்துல."

அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. குதிகால் சத்தம்கூட இல்லை.

சிட்டு கன்னத்தில் வழிந்த மருந்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"மேடம்?" என்றாள். "லைன்ல இருக்கீங்களா?"